அரிசியும் செய்தியும்

"வயிற்றுக்குச் சோறு கிடைத்தாற் போதும், பத்திரிகை படித்து ஆவதென்ன?" என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். தோட்டத்து லயத்திலும் இக்கேள்வி எழுகின்றது. பட்டணத்துக் கடைத்தெருவிலும் எழுகின்றது. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவனுக்கு அரிசி இன்றியமையாதது. செய்தியோ வெற்றிலை பாக்கைப் போன்றது, உண்டபின் வேண்டப்படுவது, இருந்தால் நன்று, இல்லையேல் குறைவில்லை. இதுவே அன்னார் கொண்டுள்ள எண்ணம். மேற்போக்காக நோக்குவார்க்கு இது நியாயமாகவே தோன்றும். பசித்தவனிடம் சென்று பேச்சுரிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தல் நகைப்புக்கிடமன்றோ?

ஆயினும், இக்கேள்விக்கு விடை காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இந்நாட்டிலேயே அதற்கு விடை கண்டனர். அவ்விடைக்குரிய விலையையும் தம் உடலாலும் உயிராலும் கொடுத்தனர். 1942 முதல் 1945 வரை, மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியப் படையாட்சியின்கீழ்க் கிடந்த மூன்றரை ஆண்டுகளையே குறிப்பிடுகின்றோம். அக்காலத்தை வெறும் பசிக்காலமென்றும், மரவள்ளிக்கிழங்குக் காலமென்றும் நினைவுகூர்தல் வழக்கம். அது மெய்யே. ஆனால் அது செய்திப் பஞ்சக் காலமுமாகும். அவ்விரு பஞ்சங்களும் ஒன்றற்கொன்று உறவுடையனவா என்பதே இங்கு ஆராயத்தக்க பொருள்.

துப்பாக்கி பிடித்த பேனா

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. வென்றவர் முதலில் மாற்றியவை எவை என்று பாருங்கள். ஊரின் பெயரை மாற்றிச் சியோனான் என்றனர். கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளி, டோக்கியோ நேரத்திற்கு ஒப்ப வைக்கச் செய்தனர். பத்திரிகைத் தலைப்பில் 1942 என்பது மறைந்து, ஜப்பானியக் கணக்கின்படி 2602 என்னும் ஆண்டு தோன்றிற்று. ஏறத்தாழ நூறாண்டாக நடந்துவந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் என்னும் ஆங்கிலப் பத்திரிகை இருந்த இடத்தில், ஊர் வீழ்ந்த ஒரு வாரத்துக்குள், படையாளர் சொல்லும் சொல்லையே அச்சிடும் வேறொரு பத்திரிகை எழுந்தது. சீனர்களை வடிகட்டி எடுத்து ஆயிரக்கணக்கில் கொன்ற அந்நாட்களிலேயே இவை யாவும் நடைபெற்றன. ஒரு கை ஆளைக் கொன்றது. மறு கை அச்செழுத்தைக் கோத்தது.

அடுத்து வானொலிக்கு வந்தனர். வானொலிப் பெட்டி வைத்திருப்போர் பதிவு செய்யவேண்டும். தொலைநாட்டு ஒலிபரப்பைப் பிடிக்கும் சிற்றலைப் பகுதியைச் செயலறச் செய்யவேண்டும். உள்ளூர் ஒலிபரப்பை மட்டுமே கேட்கவேண்டும் என்று விதித்தனர். விதியை மீறினோர் கெம்பித்தாய் என்னும் படைப்போலீசாரின் கையிற் சிக்கினர். அவர் கையிற் சிக்குவது யாது என்பதை அக்காலத்தவர்க்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மரணத்துக்கும் அதனினும் கொடிய சித்திரவதைக்கும் அதுவே மறுபெயர்.

ஒரு படை ஊரைப் பிடித்தவுடன் அரிசிக் கிடங்கைக் கைப்பற்றுவது எவர்க்கும் விளங்கும். பேசும் பெட்டியையும் எழுதும் தாளையும் அதே விரைவிற் கைப்பற்றுவானேன்? செய்தி வெற்றிலை பாக்கேயானால், அதற்கு ஏன் இத்தனை காவல்? துப்பாக்கியேந்தியவன் எதற்கு அஞ்சுகின்றானோ, அதுவே துப்பாக்கி இல்லாதவனுக்கு வலிமை. இவ்வுண்மையைப் படையாளர் அறிந்திருந்தனர், நாம்தாம் அறியாதிருக்கின்றோம்.

நோட்டும் ஒரு செய்தித்தாளே

அன்றாட வாழ்வுக்கு வருவோம். மலாயா தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதியைப் பர்மாவினின்றும் சயாமினின்றும் வரவழைத்து உண்ட நாடு. யுத்தத்தால் கப்பல் நின்றது, அரிசி சுருங்கிற்று. பங்கீட்டு அளவு மேன்மேலும் குறைந்தது. மக்கள் மரவள்ளியையும் வள்ளிக்கிழங்கையும் நட்டு உயிர்பிடித்தனர். துணி கிடையாது, சாக்கை வெட்டி உடுத்தோரும் உண்டு. மருந்து கிடையாது. இவ்வளவும் கண்ணெதிரே நடக்க, பத்திரிகையோ படையின் வெற்றிகளையும், புதிய ஆசியாவின் செழிப்பையும் பாடிக்கொண்டிருந்தது.

அக்காலத்து வாழைமர நோட்டை நம் முதியோர் மறந்திலர். பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்ததால் அப்பெயர் வந்தது. நோட்டு என்பது யாது? 'இத்தாளைக் கொடுத்தால் இவ்வளவு பொருள் கிடைக்கும்' என்று சர்க்கார் பிரஜைக்குச் சொல்லும் ஒரு செய்தியே நோட்டு. படையாட்சி அச்செய்தியையும் அளவின்றி அச்சிட்டது. நாளடைவில் வரிசை எண்ணே இல்லாத நோட்டுகளும் வெளிவந்தன. விலை மலைபோல் ஏறிற்று. ஒரு மாதச் சம்பளம் சில நாட்சோற்றுக்கும் போதாதாயிற்று. 1945இல் ஆட்சி மாறியவுடன் அந்நோட்டுகள் வெறுங்குப்பையாயின. ஆகவே, பொய்ச்செய்தி தலையங்கத்தில் மட்டும் இருந்ததில்லை. உழைப்பாளியின் மடியிலும் முடிந்து வைக்கப்பட்டிருந்தது.

சர்க்கார் பொய் சொன்னால், 'நோட்டு நிலைக்குமா? பண்டமாக வாங்கி வைக்கலாமா?' என்று ஏழை எவரைக் கேட்பான்? செல்வனுக்கு நாற்புறமும் ஆளுண்டு, உளவுண்டு, பொன்னாக மாற்றிக்கொள்ளும் வழியுமுண்டு. ஏழைக்கு உள்ளதெல்லாம் நாலு பேர் அறியப் பேசப்படும் பேச்சு ஒன்றே. அப்பேச்சை அடைத்தவன், ஏழையின் சோற்றில் மண்ணைப் போட்டவனே.

வதந்தியும் குறியும்

மெய்ச்செய்தி அடைபட்ட ஊரில் செய்தியே இராது என்று எண்ணற்க. நீரை மடையில் அடைத்தால் அது கரையைக் கசிந்து சேறாகப் பரவுவதுபோல, அங்கே வதந்தி பரவும். 'நாளையே வெள்ளைக்காரன் கப்பல் வருகின்றது' என்பான் ஒருவன். 'அடுத்த மாதம் எல்லாரையும் பிடித்துக்கொண்டு போகப் போகின்றனர்' என்பான் மற்றொருவன். இரண்டையும் ஆராய வழியில்லை. ஆராய்ச்சிக்கு வழியில்லாத இடத்தில் அச்சமும் ஆசையும் தாமே நீதிபதிகளாய் அமர்கின்றன. அப்பொழுது சோதிடன் கடை திறக்கின்றான். குறி சொல்வோன் கூடை நிறைகின்றது. கணவன் எங்கே என்று சர்க்காரைக் கேட்க முடியாதவள் கோடாங்கியைக் கேட்கின்றாள். மூடநம்பிக்கையை ஒழிக்கப் பாடுபடுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். மக்களுடைய மடமை ஒன்றே மூடநம்பிக்கைக்குக் காரணமன்று. அறியும் வாயிலை ஆள்வோர் அடைப்பதும் அதற்குப் பெருங்காரணமாகும்.

இதனினும் கொடியது, சுவர் வீட்டினுள்ளே எழும்புவது. ஒற்றன் எவனென்று தெரியாது. ஆகவே அண்டை வீட்டானிடம் பேசுதல் ஆகாது. கடையிற் பேசுதல் ஆகாது. பிள்ளை வெளியிற் சென்று உளறிவிடுமே என்று பெற்ற பிள்ளையின் முன்னும் பேசுதல் ஆகாது. வெளியே ஒரே ஒரு தணிக்கை அதிகாரி இருக்க, உள்ளே ஒவ்வொரு நெஞ்சிலும் ஒருவன் குடியேறி விடுகின்றான். முன்னவனுக்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கவேண்டும். பின்னவன் சம்பளமின்றியே வேலை செய்வான்.

அறியாமல் இசைந்தது இசைவாகுமா?

இனி, நம்மவர் நெஞ்சில் ஆறாத புண்ணாயிருக்கும் ஒன்றைத் தொடவேண்டும். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காடும் மலையும் குடைந்து ஜப்பானியர் இருப்புப்பாதை அமைத்தனர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். அதற்கு ஆள் வேண்டி மலாயாவில் விளம்பரம் செய்தனர். நல்ல கூலி, குறுகிய காலம், குடும்பத்தாருக்கும் இருப்பிடம் என்பன அவ்விளம்பரத்தின் ஆசைமொழிகள். ஆசைமொழிக்கு மயங்குவோர் குறைந்தபின், பிடித்துச் செல்லலாயினர்.

ஒரு தோட்டத்து லயத்தை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். ரப்பர் வாங்குவாரில்லை, பால்வெட்டு நின்றுவிட்டது. துரை ஓடிவிட்டான். அரிசி இல்லை, பிள்ளைகள் உடம்பில் சொறி. அந்நிலையில் ஓர் ஆள் பெரட்டுக் களத்தில் நின்று அவ்விளம்பரத்தைக் கேட்கின்றான். அவன் மூடனல்லன். அவன் உள்ளத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன: அவ்விடம் எப்படிப்பட்டது? நோய் நொடி உண்டா? முன்பு போனவருள் எவரேனும் திரும்பி வந்தனரா? இம்மூன்றுக்கும் விடை படையாளரிடம் இருந்தது. காட்டில் வாந்திபேதி பரவியதையும், ஆட்கள் கொத்துக்கொத்தாய் மடிந்ததையும் அவர் அறிவர். கேட்டவனுக்கு மட்டும் விடை இல்லை. அவன் மனைவியைப் பார்க்கின்றான், பிள்ளைகளைப் பார்க்கின்றான், 'போய் வருகின்றேன்' என்கின்றான்.

அன்பர்களே, இவன் தானே விரும்பிச் சென்றான் என்று எவரேனும் சொன்னால் அது நியாயமாகுமா? இசைவு என்பது அறிவின்மேல் எழும் வீடு. அடித்தளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, வீடு நிற்கின்றதென்று சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்? கயிறு கட்டி இழுத்துச் சென்றதற்கும், உண்மையை மறைத்து அழைத்துச் சென்றதற்கும் உள்ள வேறுபாடு கயிற்றளவே. முன்னதில் கைகள் கட்டப்பட்டன. பின்னதில் கருத்து கட்டப்பட்டது. செய்தியை அடைத்தல் ஆளை அடைத்தலே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்னும் ஒன்று. அப்பாதையில் 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளும் வேலை செய்தனர். அவருள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர் தமக்குள்ளே அதிகாரிகளும் எழுத்தறிந்தோரும் இருந்தனர். மாண்டோரின் பெயர்களை மறைவாகக் குறித்து வைத்தனர். உயிருக்குத் துணிந்து சிற்றலை வானொலியையும் மறைத்து வைத்தனர். அது கண்டுபிடிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டோரும் உண்டு. அதனால் இன்று காஞ்சனபுரியில் அவர்கட்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தமிழரும் மலாய்க்காரரும் பர்மியரும் சாவகத்தாருமாகிய ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் தொகை 90,000 வரை இருக்கலாமென்று மதிப்பிடுகின்றனர். 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கைதிகட்குக் கணக்குண்டு, நம்மவர்க்கு மதிப்பீடே உண்டு. பெயர் எழுதுவாரின்றி மாண்டவன் இருமுறை மாண்டவனாவான்.

யுத்தகாலத் தணிக்கை நியாயமன்றோ?

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். 'யுத்தம் என்று வந்தால் எந்தச் சர்க்கார்தான் செய்தியைத் தணிக்கை செய்யாதிருக்கும்? வெள்ளைக்காரனும் செய்தானே!' என்பர். ஆம், செய்தான். அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. 1941 டிசம்பரில் பினாங்கு குண்டுவீச்சுக்கு உள்ளான பின்னர், ஐரோப்பியர் இரவோடிரவாக அத்தீவை விட்டு அகற்றப்பட்டனர். மற்றையோர்க்குச் சொல்லாமலே அது நிகழ்ந்தது. பின்னர்ச் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டப் கூப்பர், மக்களுட் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர் என்று வானொலியிற் கூறினார். பினாங்கில் எஞ்சியிருந்த தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் 'மக்கள்' என்னும் கணக்கிற் சேரவில்லை போலும்! அந்நாளில் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து என்பார், ஓடியவர் விட்டுச்சென்ற கொடியைத் தாமே இறக்கி, மேலும் குண்டு விழாமல் ஊரைக் காக்க முன்வந்தார். ஆள வந்தவர் மறைத்துவிட்டுச் சென்றனர். எழுத வந்தவர் நின்று பொறுப்பேற்றார்.

1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்து ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் மாண்டபொழுதும், யுத்தத்தைக் காரணங்காட்டி உண்மை மூடி மறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை தெருவிற் கிடந்த பிணங்களின் படங்களை வெளியிட்ட பின்னரே உலகம் விழித்தது. செய்தி சுதந்திரமாக உலவும் குடியாட்சி நாட்டில் பெரும்பஞ்சம் நேர்ந்ததில்லை என்று வங்காளத்திற் பிறந்த பொருளியலறிஞர் அமர்த்தியா சென் பிற்காலத்தில் நிறுவிக் காட்டினார். அவர் சிறுவயதிற் கண்கூடாகக் கண்ட பஞ்சம் அது. அரிசியும் செய்தியும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டவை என்பதற்கு இதுவே போதும்.

ஆகவே தணிக்கை செய்தவன் எந்நிறத்தான் என்பது கேள்வியன்று. எதனைத் தணிக்கை செய்தான் என்பதே கேள்வி. இதற்கு ஒரு துலாக்கோல் கூறுவோம். கப்பல் எந்நேரத்தில் எத்துறையைவிட்டுப் புறப்படும் என்பதை மறைத்தால், அக்கப்பலிற் செல்வோர் உயிர் காக்கப்படும். ஊரில் அரிசி எத்தனை நாளைக்கு உண்டு, போன தொழிலாளர் உயிரோடு உளரா என்பவற்றை மறைத்தால், எவர் உயிர் காக்கப்படும்? முன்னது மக்களுக்காகப் பகைவனிடமிருந்து மறைப்பது; பின்னது ஆள்வோனுக்காக மக்களிடமிருந்து மறைப்பது. முன்னதற்கு எல்லையும் காலமும் உண்டு; அதனைக் கேள்வி கேட்க மன்றமும் இருத்தல் வேண்டும். பின்னதற்கு எல்லையில்லை. படையாட்சியிலோ தணிக்கை செய்பவனும், குற்றஞ்சாட்டுபவனும், தீர்ப்பளிப்பவனும், தண்டிப்பவனும் ஒருவனே. நால்வர் செய்யவேண்டிய வேலையை ஒருவனே செய்யும் இடத்தில் துலாக்கோலுக்கு இடமேது?

பொய் முதலிற் கடிப்பது யாரை?

மக்களை ஏமாற்றி ஆள்வோனேனும் நலமடைந்தானா? அதுவுமில்லை. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அதனைத் தன் நாட்டு மக்களுக்கே மறைத்து வெற்றியென அறிவித்தது. 1944 அக்டோபரில் தைவானை அடுத்து நடந்த வான்போரில், பகைவரின் விமானந்தாங்கிக் கப்பல்கள் பத்துக்கு மேற்பட்டவற்றை மூழ்கடித்தோமென்று பறைசாற்றிற்று. உண்மையில் ஒன்றேனும் மூழ்கவில்லை. அப்பொய்யை ஜப்பானியத் தரைப்படையின் தலைவர்களே நம்பினர். பிலிப்பைன்ஸில் தாம் வகுத்திருந்த போர்த்திட்டத்தை மாற்றி லேய்ட்டே தீவில் போரிடத் துணிந்து, பெருஞ்சேனையை இழந்தனர். பிறர் கண்ணைக் கட்டியவன் கட்டிய துணியின் மறுமுனை தன் கண்ணிலேயே சுற்றிக்கொண்டதை அறியவில்லை. குறையை எடுத்துக் கூறுவாரைத் துணைக்கொள்ளாத அரசன், பகைவர் இல்லாவிடினும் தானே கெடுவான் என்று வள்ளுவர் அறிவுறுத்தியது அரசனுடைய நன்மைக்காகவே யன்றோ?

அக்காலத்தே இந்திய சுதந்திரத்தைப் பற்றி எழுதவும் பேசவும் இடமிருந்ததே என்று சிலர் வினவுவர். 1943இல் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்தார். அக்டோபர் 21இல் சுதந்திர இந்திய அரசாங்கத்தை நிறுவினார். தோட்டத்துத் தமிழர் ஆயிரக்கணக்கில், பெண்களும் உட்பட, அப்படையிற் சேர்ந்தனர். அவர் தம் தியாகத்துக்கு நாம் தலைவணங்குகின்றோம். முதுகு நிமிர்ந்து நிற்கக் கற்பித்தது அவ்வியக்கம். ஆயினும் அவ்வியக்கத்துக்கு ஒலிபெருக்கி கொடுத்த படையாட்சி, சயாமில் மடிந்த தமிழரின் கணக்கைக் கேட்கும் உரிமையை எப்பத்திரிகைக்கும் கொடுத்திலது. தொலைவிலுள்ள சுதந்திரத்தைப் பாடலாம். அருகிலுள்ள அடிமைத்தனத்தைச் சுட்டலாகாது! கொடுத்தவனையே கேள்வி கேட்க உதவுமாயின் அது பேச்சுரிமை. அவன் பகைவனை ஏசுதற்கு மட்டும் உதவுமாயின் அது கூலிக்குக் கிடைத்த குரல்.

மௌனம் மூவகை

இவ்வளவும் கேட்டபின், சாதாரண மனிதனுக்குரிய கடமை யாது என்னும் கடினமான கேள்வி எஞ்சி நிற்கின்றது. அக்காலத்தில் வாய்மூடி இருந்தோர் யாவரும் குற்றவாளிகளா? அங்ஙனம் கூறுதல் எளிது, நியாயமன்று. மௌனத்தை மூவகையாகப் பகுத்து நோக்கல் வேண்டும்.

முதலாவது, அஞ்சிய மௌனம். மனைவி மக்களுக்காக அஞ்சி வாய் மூடியவனைப் பழிக்க, அன்று அவனிடத்தில் நில்லாத நமக்கு உரிமையில்லை. அக்குற்றம் அஞ்சினவனைச் சேர்வதன்று, அஞ்சுவித்தவனையே சேர்வது.

இரண்டாவது, காத்த மௌனம். பேராக்கிலுள்ள பாப்பான் என்னும் சிற்றூரில், இலங்கைத் தமிழ் மருத்துவரை மணந்த சிபில் காத்திகாசு என்னும் செவிலியார் வாழ்ந்தார். மறைவாக வானொலி வைத்து வெளிநாட்டுச் செய்தி கேட்டார். காட்டிலிருந்து போராடியோர்க்கு மருந்திட்டார். 1943இல் பிடிபட்டார். உடல் சிதையுமாறு வதைத்தனர். தம் சிறுமகளைத் தீயின்மேல் தொங்கவிட்டு அச்சுறுத்தியதையும் அவர் எழுதிச் சென்றார். அவர் பெயர்களைச் சொன்னாரில்லை. விடுதலைக்குப்பின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், வதையின் விளைவால் 1948இல் மறைந்தார். சிங்கப்பூரிலும், துறைமுகத்திற் கப்பல்கள் தகர்க்கப்பட்டதன் பழியைச் சாங்கிச் சிறையிலிருந்தோர்மேற் சுமத்தி, 1943 அக்டோபர் 10இல் கெம்பித்தாய் வேட்டை தொடங்கிற்று. 57 பேர் பிடிக்கப்பட்டனர். 15 பேர் மாண்டனர். கைதிகட்கு உதவிய எலிசபெத் சோய் அம்மையார் ஏறத்தாழ 200 நாள் சிறையிற் கிடந்தார்.

இங்கு வாய்மை பேசுவோர்க்கு ஓர் ஐயம் தோன்றும். வதைப்பவன் கேட்க, தெரிந்ததைத் 'தெரியாது' என்றல் பொய்யன்றோ? உண்மை ஒரு கடன். கடனை உரியவனுக்கே கொடுத்தல் வேண்டும். எவன் அவ்வுண்மையின்றித் தீங்குறுவானோ, அவனுக்கே அது உரியது. ஊர் முழுவதிலுமிருந்து உண்மையைத் துப்பாக்கியாற் பறித்தவன், ஒருத்தியின் வாயிலிருந்து மட்டும் அதனை உரிமையோடு கேட்கலாமோ? பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லையே வாய்மையெனக் கொண்ட மரபு நம்முடையது. அம்மரபின்படி, அச்செவிலியாரின் மௌனமே வாய்மை. அன்றைய பத்திரிகையின் முழுப்பக்கமும் பொய்.

மூன்றாவது, விற்ற மௌனம். தெரிந்தே, இலாபத்துக்காக வாய்மூடுதல். சயாமுக்குச் சென்றவர் கதி இன்னதென அறிந்தும், தலைக்கு இவ்வளவென்று பெற்றுக்கொண்டு ஆள்சேர்ப்பவனுடைய மௌனம் அது. பஞ்சத்தை அறிந்தே பதுக்கியவனின் மௌனம் அது. பதவிக்காகப் புகழ்ந்தெழுதிய பேனாவின் மௌனமும் அதுவே. அஞ்சியவன் தன் வாயை இழந்தான். விற்றவன் பிறர் உயிரை விற்றான். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, 'அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான்' என்று பேசுவோர் உளர். அது குற்றவாளிக்குப் போர்த்தும் போர்வை; அஞ்சிய ஏழையின் துணியைக் கிழித்துத் தைத்த போர்வை.

பழங்கதை யன்று

1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் பணிந்தது. சிங்கப்பூர்ப் பத்திரிகை அதனை மக்களுக்குச் சொல்லச் சில நாட்கள் ஆயின. சாகும் நேரத்திலும் பொய் தன் வாயைத் திறக்க மனமின்றிக் கிடந்தது. செப்டம்பர் 12இல் சிங்கப்பூர் நகராண்மைக் கட்டடத்தில் சரணாகதிக் கையெழுத்தானது.

அத்துடன் இக்கதை முடிந்ததென்று எண்ணற்க. நமக்கு அண்மையிலுள்ள பர்மாவை நோக்குங்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழும் நாடு அது. 1962 மார்ச்சில் ஆட்சியைப் பற்றிய படை, அச்சுக்குச் செல்லும் எழுத்தையெல்லாம் முன்கூட்டியே தணிக்கை செய்யும் முறையை நிறுவிற்று. அம்முறை 2012இல்தான் கைவிடப்பட்டது. பத்தாண்டும் நிரம்புமுன், 2021 பிப்ரவரி 1இல் படை மீண்டும் ஆட்சியைக் கவர்ந்தது. மார்ச் மாதத்தில் ஐந்து செய்தி நிறுவனங்களின் உரிமம் பறிக்கப்பட்டது. அப்பொழுது மக்கள் யாது செய்தனர்? இரவு எட்டு மணிக்கு வீடுதோறும் பாத்திரங்களை எடுத்துத் தட்டி ஓசையெழுப்பினர். தீய ஆவியை ஓட்டப் பண்டு செய்த வழக்கம் அது; இப்பொழுது தீய ஆட்சியை மறுக்கும் மொழியாயிற்று. 'நீ தனியாக இல்லை. அண்டை வீட்டிலும் உன்னைப்போல் எண்ணுவோர் உளர்' என்பதே அவ்வோசை சொன்ன செய்தி. சோறாக்கும் பாத்திரமே அங்கே செய்தித்தாளாயிற்று. அரிசியும் செய்தியும் ஒன்றென்பதை அப்பெண்மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை.

தோழர்களே! துப்பாக்கி வந்தபின் பேசக் கற்போம் என்றிருத்தல், வெள்ளம் வந்தபின் நீந்தக் கற்போம் என்பதனோடு ஒக்கும். அமைதிக் காலத்திலேயே நாவுக்குப் பயிற்சி வேண்டும். படித்ததை ஆராய்க. ஒரு பத்திரிகை சொன்னதை மற்றொன்றோடு ஒப்பிடுக. சங்கக் கூட்டத்திற் கணக்குக் கேட்பவனை வாயாடியென்று அடக்கற்க; அவன் நாளை ஊரைக் காப்பான். வீட்டிலுள்ள முதியோரிடம் சென்று, சயாமுக்குப் போனவர் பெயர் யாது, எத்தோட்டத்தார், எவர் மகன் என்று கேட்டு எழுதி வையுங்கள். சர்க்கார் எழுதாத கணக்கைப் பேரன் எழுதட்டும்.

பெரட்டுக் களத்தில் நின்று மூன்று கேள்விகளை மனத்துள் கேட்டு, விடையின்றிப் புறப்பட்டவனை நினையுங்கள். அன்று அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு படி அரிசி மட்டுமன்று. ஒரு வரிச் செய்தியுமாகும். அரிசி கிடைத்திருந்தால் அவன் அன்றிரவு உண்டிருப்பான். செய்தி கிடைத்திருந்தாலோ, அவன் சயாமுக்குச் சென்றிருக்க மாட்டான்.